அப்பா திருகிய குமிழ்

இரண்டு வருடத்துக்கு முன்னால், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சீவலப்பேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் தொடங்கியது இது. எப்போது முடிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பாளையங்கோட்டையில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான்தான். அம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா மைக்செட் வேலைக்குப் போகிறவர். சொந்தமாகச் செட் கிடையாது. செட் முதலாளி கூப்பிட்டால் போவார். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், சடங்கு, எதுவானாலும் பனையிலோ வேம்பிலோ சவுக்குக் கம்பிலோ ஏறி, அந்தப் பெரிய குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஊரைப் பார்த்துத் திருப்பி வைப்பது அவர் வேலை. என்னைப் படிக்க வைத்தது அந்தக் குழாய்கள்தான்.

அதனாலோ என்னவோ எனக்கும் ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தது. ஆனால் நான் செய்வது ஊருக்குக் கேட்கிற ஸ்பீக்கர் அல்ல. ஓர் அறைக்குள் உட்கார்ந்து, பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிற மாதிரியான மரப்பெட்டி. உள்ளே இரண்டு ஸ்பீக்கர் இருக்கும். பெரியது தாழ்ந்த ஒலியையும் குரலையும் பார்த்துக்கொள்ளும். ட்வீட்டர் என்கிற சின்னது ஜால்ரா, சலங்கை மாதிரி கூர்மையான ஒலிகளைத் தரும். எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதற்குச் செம்புக் கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் வைத்த ஒரு பலகை உண்டு. அந்தப் பலகையில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. ஒரு கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு ஒரு வாரம் கேட்பேன். திருப்தி இல்லாமல் மறுபடி மாற்றுவேன். பிளைவுட்டை டவுனில் அறுத்து வாங்கி, பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே ஊருக்குக் கொண்டுவருவேன். பெட்டிக்குள் எதிரொலி வராமல் இருக்க இலவம்பஞ்சு திணிப்பேன். அம்மா தன் தலையணையை இரண்டு நாள் வீடெல்லாம் தேடினாள்.

முதல் ஜோடியில் ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கமும் ஒரு குமிழ் வைத்திருந்தேன். ட்வீட்டரின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அது. மைக் வைத்து, கம்ப்யூட்டரில் அளந்து, எந்த ஒலியும் தூக்கலாகவோ மந்தமாகவோ இல்லாத இடம் எது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். நாலு சனிக்கிழமை போனது அந்தப் புள்ளிக்கு.

கேட்டுப் பார்க்க நான் வைத்திருந்தது சினிமாப் பாட்டு அல்ல. அந்த வருடம் சித்திரையில் எங்கள் ஊர்க் கொடையில் நானே பதிவு செய்த வில்லுப்பாட்டு. நேரில் கேட்ட ஒலி என்பதால் பெட்டி பொய் சொன்னால் தெரிந்துவிடும். வில்லில் வரிசையாகக் கட்டிய மணிகள், அதைத் தட்டுகிற கோல், பக்கத்தில் ஒருவர் தட்டுகிற மண்குடம். அந்தக் கொடைக்கும் மைக் வைத்தது அப்பாதான். வில்லுக்கு மைக்கை எத்தனை விரல் தள்ளி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. "வில்லுல மணி தனியா விழணும்லே. கொடத்துக்குள்ள போயி விழுந்துரக் கூடாது," என்பார். கூட வேலை செய்கிறவர்கள் இதற்காகவே அவரைக் கேலி செய்வார்கள். "அண்ணாச்சி மைக்க வச்சு முடிக்கங்குள்ள கொடையே முடிஞ்சிரும் வே," என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்தப் பதிவை என் பெட்டியில் அப்பாவுக்கு முதல்முதலாகப் போட்டுக் காட்டியபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். முடிந்ததும், "கொடம் அருமையா இருக்குலே. அங்கன உக்காந்து கேட்ட மாதிரியே இருக்கு," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மணி கேக்கலியே?" என்றார். மறுபடி போட்டேன். எனக்கு மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

"கேக்குதே யப்பா."

"கேக்கலியேலே."

மூன்றாம் முறையும் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். மனுஷன் காலமெல்லாம் குழாயில் கேட்டவர், காதைக் கிழிக்கிற மாதிரி இருந்தால்தான் அவருக்குக் கேட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு சின்னச் சண்டை ஆரம்பித்தது. பேச்சே இல்லாத சண்டை. நான் வேலை முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தால் குமிழ் கடைசி வரைக்கும் திருகி இருக்கும். நான் வெள்ளைப் புள்ளிக்குத் திருப்பி வைப்பேன். மறுநாள் வந்தால் மறுபடி கடைசியில் நிற்கும். நாற்காலி பெட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் கிடக்கும். அப்பாவும் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். பாளையங்கோட்டைக்காரர். இன்வெர்ட்டர் பழுது பார்க்க அவர் வீட்டுக்குப் போனபோது, ஹாலில் ஆள் உயரத்துக்கு நின்ற வெளிநாட்டு ஸ்பீக்கர்களைப் பார்த்து வேலையை மறந்து நின்றுவிட்டேன். பேச்சுக் கொடுத்தார். நானும் பெட்டி செய்கிறேன் என்று சொன்னதும், ஒருநாள் வந்து கேட்கிறேன் என்றார். நல்ல ஒலி தெரிந்த ஒருவர், படித்தவர், என் பெட்டியைக் கேட்க எங்கள் வீட்டுக்கு வருகிறார். அந்த ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நான் வெறும் மைக்செட்காரர் மகன் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிறு காலை குமிழைப் புள்ளியில் வைத்துவிட்டு, அவரைக் கூட்டிவர பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே வில்லுப்பாட்டு கேட்டது. கதவைத் திறந்தால் அறையே கூசியது. ஒவ்வொரு மணியும் ஊசி மாதிரி குத்தியது. அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வந்தவர் சட்டென்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன தம்பி, தகரக் கூரையில கல்லு மழை பெய்யுத மாதிரில்லா இருக்கு!"

ஓடிப்போய்க் குமிழைத் திருப்பினேன். பிறகு அவரைப் பார்த்து, அப்பா காதில் விழும்படியே சொன்னேன்: "தப்பா நெனைக்காதீங்க சார். முப்பத்தஞ்சு வருசமா கொளாய் கட்டுத ஆளு. அவருக்குச் சத்தந்தான் தெரியும், பாட்டு தெரியாது."

சொல்லும்போது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அப்பாவும் சிரித்தார். "ஆமா சார், நமக்குக் கூப்பாடுதான் தெரியும்," என்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் தட்டி அவருக்குப் போட்டார். "கலரு வாங்கிட்டு வாரேன்," என்று வெளியே போனவர், கலர் சோடாவை அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஆசிரியர் ஒரு மணி நேரம் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். தனக்கு ஒரு ஜோடி வேண்டும் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோது அவர், "அப்பா எதுக்கு அவ்வளவு கூட்டி வச்சாருன்னு கேட்டீங்களா தம்பி?" என்றார். "அவருக்கு அப்படியே பழகிப்போச்சு சார்," என்றேன். அவர் வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அன்று மத்தியானமே அந்தக் குமிழ்களைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக, வெள்ளைப் புள்ளிக்குச் சரியான அளவில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். இனிமேல் யார் நினைத்தாலும் கூட்ட முடியாது. பெட்டி கனம். பற்றவைக்கும்போது சாய்த்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அப்பாதான் வந்து பிடித்துக்கொண்டார்.

"எதுக்குலே அத எடுக்க?"

"யாரும் திருகாம இருக்கத்தான்."

"சரி," என்றார். ஒரு பெட்டி முடிந்ததும் அடுத்ததை அவரே தூக்கி வந்து வைத்தார்.

அதற்கப்புறம் அப்பா மாறிவிட்டார். "எப்படி இருக்கு யப்பா?" என்று எப்போது கேட்டாலும், "அருமையா இருக்குலே," என்பார். மணி கேட்கவில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்கிற பக்குவம் அவருக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்துப் பெருமைகூடப் பட்டேன்.

ஆவணியில் ஆசிரியருக்கான ஜோடி தயாரானது. ஒரு சனிக்கிழமை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அளந்துகொண்டிருந்தேன். எப்படி அளப்பது என்றால், முதலில் 'உம்' என்ற தாழ்ந்த ஒலியில் தொடங்கி, கொஞ்சங்கொஞ்சமாக உயர்த்தி, கடைசியில் 'கீ' என்று காதால் தாங்க முடியாத விசில் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். சந்தேகப்பட்ட இடத்தில் ஒலியை அப்படியே நிறுத்தி வைக்கலாம். நான் அந்த விசிலில் நிறுத்தி வைத்து, கம்ப்யூட்டர் திரையில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, "காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குடா பாவி," என்று பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது.

அப்பா ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தார். நேராக அறைக்குள் நுழைந்து, பெட்டிக்கும் மைக்குக்கும் நடுவில் நின்று தலையைத் துவட்டினார். விசில் அலறிக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, சாதாரணமாகக் கேட்டார்:

"என்னலே, கரண்டு இல்லியா? சும்ம உக்காந்திருக்க?"

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. ஒலியைப் பைய, கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். விசில் தடித்தது. இறங்கிக்கொண்டே வந்தது. அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். மணி ஒலிக்கிற இடத்தையெல்லாம் தாண்டி, சலங்கை ஒலிக்கிற இடத்தையெல்லாம் தாண்டி, பாதிக்கும் கீழே வந்தபோது சட்டென்று நிமிர்ந்தார்.

"ஆ, இப்ப வந்துட்டு," என்றார்.

திரையில் அந்த எண்ணைப் பார்த்தேன். அதற்கு மேலே உலகத்தில் இருக்கிற எதுவும் அப்பாவுக்கு இல்லை. வில்லில் கட்டிய மணி இல்லை. சிட்டுக்குருவி இல்லை. நான் எத்தனையோ முறை கூப்பிட்டும் எடுக்காமல், 'அலட்சியம்' என்று நான் ஏசிய அவருடைய போன் மணியும் இல்லை.

பின்வாசலுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் இலையை வெட்டிக்கொண்டே நிமிராமல் கேட்டாள். "ஒனக்கு இப்பந்தான் தெரியுமாக்கும்? ஆறேழு வருசமா குக்கர் சத்தங்கூடக் கேக்காது அவருக்கு. நாந்தான் ஓடிப்போயி அணைப்பேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவருதான் வேண்டாம்னுட்டாரு. ஸ்பீக்கராலதான் காது போச்சுன்னு தெரிஞ்சா பய இந்தப் பெட்டி செய்யுதத விட்டுருவான், அவனுக்குப் புடிச்சதாவது செய்யட்டும்னாரு." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எம்பிள்ள செய்யுத பெட்டியிலயாவது மணி கேக்குமான்னு பாத்தாரு. நீ அந்தக் குமிழு வச்சிருந்தேல்லா, அத முழுசாத் திருகிட்டு, பெட்டியில காத ஒட்ட வச்சா லேசாக் கேக்குதுன்னு ஒரு நா எங்கிட்ட வந்து சொன்னாரு. சின்னப் பிள்ள மாதிரி சொன்னாரு. அதத்தான் நீ புடுங்கிப் போட்டுட்டியே."

முன்னறைக்குத் திரும்பிப் போய், இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒலியை நிறுத்தினேன்.

காதை ஒட்ட வைப்பது அவருக்குப் புதிது இல்லை. குழாய் கட்டுகிறவர்கள் வேலை செய்கிற விதம் அது. மேலே ஏறிக் கட்டியதும் கீழே இருக்கிறவர் மைக்கில் ஊதுவார். இணைப்பு சரியாக இருக்கிறதா, உள்ளே இருக்கிற தகடு கரகரக்கிறதா என்று மேலே இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். அப்பா குழாயின் வாயிலேயே காதை வைத்துத்தான் பார்ப்பார். "கீழ நின்னா ஒண்ணும் வெளங்காதுலே. வாயில காத வச்சாதான் கொளாய் உண்மையச் சொல்லும்," என்று சின்ன வயதில் எனக்கே சொல்லியிருக்கிறார். கொடை மூன்று நாளும் பந்தலில், குழாய்க்கு அடியிலேயே படுத்து எழுந்திருப்பார். முப்பத்தைந்து வருடம். முதலில் எது போயிருக்கும்? மிகக் கூர்மையான ஒலிகள்தான். நான் ட்வீட்டர் போட்டுப் போட்டுத் துல்லியமாக்குகிற ஒலிகள்.

பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவர் கை அபூர்வமாகத்தான் உயர்ந்தது. டாக்டர் தந்த தாளில் ஒரு கோடு. தாழ்ந்த ஒலிகளுக்கான இடது பக்கத்தில் மட்டமாகப் போய், நடுவில் அப்படியே மலையிலிருந்து விழுகிற மாதிரி கீழே விழுந்திருந்தது. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். ட்வீட்டர் கம்பி கழன்ற பெட்டியை அளந்தால் இப்படித்தான் வரும். பெட்டி என்றால் ஒரு கம்பியைப் பற்றவைத்துவிடுவேன். டாக்டர், போன நரம்பு வராது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள், இனி குழாய்ப் பக்கம் போகவே கூடாது என்றார். பேச்சுக் கேட்க மெஷின் வைக்கலாம் என்றார்.

மெஷின் வாங்கினோம். அப்பா இரண்டு வாரம் போட்டிருந்தார். "சோத்த மெல்லுத சத்தந்தாம்லே பெருசாக் கேக்கு," என்று கழற்றி, சுவாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற டப்பாவில் வைத்துவிட்டார்.

அப்பாவுக்கென்றே ஒரு பெட்டி செய்வது என்று முடிவு செய்தேன். அவர் காதின் கோடு எங்கே விழுகிறதோ அங்கே தூக்கிக் கொடுக்கிற பெட்டி. ட்வீட்டர் இரண்டு. குமிழ் முன்பக்கத்திலேயே, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி. காகிதத்தில் எல்லாம் வரைந்து வைத்தேன். ஆனால் செய்யவில்லை. ஆசிரியர் தன் நண்பர்களிடம் சொல்லியிருந்தார். ஆர்டர் வந்தது. அடுத்த மாதம், பொங்கல் கழியட்டும், இந்த ஒரு ஜோடி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. அதற்குள் பங்குனி வந்து, கொடைகள் தொடங்கிவிட்டன. போக வேண்டாம் என்று நானும் அம்மாவும் சொன்னோம். "ஆள் இல்லேன்னு மொதலாளி கெஞ்சுதாரு. இந்த ஒரு வருசம்," என்று போனார். காதில் வைத்துக்கொள்ள நுரை அடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். "இத வச்சா தகடு கரகரங்குதது எப்படிலே தெரியும்?" என்று என்னையே கேட்டார்.

மறு வைகாசியில்தான் பெட்டி முடிந்தது. ஒன்றே ஒன்று, சோதனைக்காக. அன்று அம்மா பீடி ஒப்படைக்கக் கடைக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து நான் அதை அளந்து திருத்திக்கொண்டிருந்தேன். அத்தனை தூக்கலான ஒலி என் காதுக்குத் தாங்காது என்பதால், அப்பாவுக்கு வாங்கிய நுரை அடைப்பான்களை நான் என் காதில் செருகிக்கொண்டேன். அப்பாவை நாற்காலியில், பெட்டிக்கு ஒரு சாண் பக்கத்தில் உட்கார வைத்தேன். பழைய வில்லுப்பாட்டைப் போட்டுவிட்டு, குமிழைக் கடைசி வரைக்கும் திருகினேன். அடைப்பான் போட்ட என் காதில் குடத்தின் 'தொம் தொம்' மட்டும் மங்கலாக விழுந்தது.

அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து உரக்கக் கேட்டேன். "மணி கேக்குதா யப்பா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு விரலைத் தொடையில் தட்டத் தொடங்கினார். முகம் மலர்ந்தது. அவர் பேசியது எனக்கு உதட்டசைவாகத்தான் தெரிந்தது. ஆனால் புரிந்தது.

"கேக்குதுலே. நல்லாக் கேக்கு. சலசலன்னு விழுது. அருமையாச் செஞ்சிருக்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்கக் கூடாது என்று பெட்டிக்குப் பின்பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், திறந்திருந்த பின்பக்கத்தில் ட்வீட்டருக்குப் போகிற கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் பெரிய ஸ்பீக்கரை மட்டும் தனியாக அளப்பதற்காக நான்தான் கழற்றினேன். திரும்ப மாட்ட மறந்துவிட்டேன்.

காதிலிருந்து அடைப்பான்களை எடுத்தேன். குடம் கேட்டது. பாடுகிறவர் குரல், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. மணி இல்லை. ஒரு மணிகூட இல்லை.

அந்தப் பக்கம் அப்பா, "அப்படிப் போடு," என்று ரசித்துக்கொண்டிருந்தார்.

பாட்டை நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும். பைய, அந்தக் கம்பியை எடுத்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இடத்தில் மாட்டினேன். மணிகள் கொட்டியது மாதிரி அறை முழுவதும் விழுந்தன. என் காது கூசியது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. இப்போதாவது அப்பா திடுக்கிடுவார், "ஆ, இப்ப வந்துட்டு" என்பார் என்று பெட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

அவர் கண் மூடித்தான் இருந்தது. விரல் அதே தாளத்தில்தான் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் அதே சந்தோஷம். ஒன்றும் மாறவில்லை.

முந்தின வருடம், குமிழை முழுசாகத் திருகிக் காதை ஒட்ட வைத்தால் லேசாகக் கேட்ட அந்த மணி, அந்த வருடத்துக் கொடைகளோடு போய்விட்டிருந்தது. அவருக்குக் கேட்ட காலத்தில் அதை நான் பிடுங்கி எறிந்தேன். நான் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கேட்கவில்லை என்று முதல்தடவை உண்மையைச் சொன்னதற்கு வெளியாள் முன்னால் நான் கொடுத்த பதில் அவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும். அல்லது அதெல்லாம் ஒன்றுமில்லை, மகன் மனம் கோணக் கூடாது, அவ்வளவுதான் என்று நினைத்திருக்கலாம். எது என்று நான் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும், "நல்லாக் கேட்டுச்சா யப்பா?" என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணொண்ணாக் கேட்டுச்சுலே," என்று என் தலையைத் தொட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

கம்பி விஷயத்தை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முதலாக எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் முன்னறையில்தான் இருக்கிறது. முன்பக்கக் குமிழ் நான் திருகி வைத்த இடத்திலேயே நிற்கிறது. அப்பா அதைத் தொடுவதே இல்லை. நான் இப்போது மாதத்துக்கு ஒரு ஜோடி செய்கிறேன். மதுரை வரைக்கும் போகிறது. வாங்குகிறவர்கள் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்கிறது என்று போனில் சொல்கிறார்கள். ஆனால் எந்தப் பெட்டி முடிந்தாலும் கட்டி அனுப்புவதற்கு முன்னால் அப்பா எதிரில் வைத்து அந்த வில்லுப்பாட்டைப் போடுகிறேன். அவர் கண்ணை மூடி, "அருமையா இருக்குலே," என்கிறார். இந்த ஒரு தடவையாவது அவர் கண்ணைத் திறந்து, முன்பு சொன்னது மாதிரியே கொஞ்சம் தயங்கி, "மணி கேக்கலியே" என்று என்னிடம் குறை சொல்லிவிட மாட்டாரா என்று பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கிறேன்.